ஏர்பேக் விளக்கு எரிந்தால் அணைப்பதா, செலவழிப்பதா?



வழக்கமாக நெல்லில் குருத்துப் பூச்சி, உளுந்தில் மஞ்சள் தேமல் என்று பேசுகிறவன் இன்றைக்குக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு கிராமத்துக்கு ஒரு கார் இருந்தால் அதிகம். இப்போது தெருவுக்கு நாலு நிற்கிறது. பெரும்பாலும் இரண்டாவது கையாக வாங்கியவை. 2019-ம் ஆண்டு ஜூலை 1-ம் தேதி முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம் என்று ஆக்கிவிட்டார்கள். 2022 தொடக்கம் முதல் பக்கத்து இருக்கைக்கும் கட்டாயம். ஆகவே, இனி நம் ஊருக்கு வருகிற பழைய கார்களிலும் அது இருக்கும். அது இருக்கிற இடத்தில் அதற்குரிய எச்சரிக்கை விளக்கும் இருக்கும்.

சென்ற தை மாத அறுவடை சமயம். ஒரத்தநாடு பக்கத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான விவசாயி ஒருவர். அவருடைய வயலைப் பார்த்துவிட்டுக் கரை ஏறியதும், "சார், பயிரைப் பார்த்தது போதும், கொஞ்சம் வண்டியைப் பாருங்க" என்றார். சாவியைத் திருப்பிக் காட்டினார். மீட்டர் போர்டில், உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவன், அவன் முகத்துக்கு எதிரே ஒரு பந்து என்று ஒரு சின்ன விளக்கு. எரிந்தது, அணையவே இல்லை.

"கம்பெனி சர்வீஸ்ல முப்பத்தெட்டாயிரம் எஸ்டிமேட் போட்டுக் குடுத்திருக்காங்க சார். டவுன்ல ஒரு பட்டறைக்காரர், ஐநூறு ரூபா குடுங்கண்ணே, லைட்டே வராம பண்ணித் தர்றேங்கிறார். நீங்க சயின்ஸ் படிச்சவர், எது சரின்னு சொல்லுங்க."

வீட்டம்மா திண்ணையிலிருந்தே, "வண்டிதான் ஓடுதே, லைட்டுக்கு யாராவது முப்பத்தெட்டாயிரம் குடுப்பாங்களா?" என்றார்கள். அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் திருச்சியில் மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் அந்தக் காரில்தான் ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியை அழைத்து வர வேண்டும்.

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்வது எங்கள் வேலையில் பெரிய தப்பு. "ரெண்டு நாள் பொறுங்கண்ணே, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். விசாரித்ததும், கூடப் போய்க் கண்ணால் பார்த்ததும்தான் இந்தப் பேச்சு.

அந்த விளக்கு என்ன சொல்கிறது?

ஏர்பேக் என்பது ஸ்டியரிங் நடுவிலும் டேஷ்போர்டுக்குள்ளும் மடித்து வைத்திருக்கும் துணிப்பை. பைக்குப் பின்னால் ஒரு உலோகக் குப்பி. அதற்குள் வேகமாக எரிந்து வாயுவாக மாறும் ரசாயனம். அதைப் பற்றவைக்க ஒரு சின்னத் திரி, அதாவது மின்சாரத் திரி. வண்டி பலமாக மோதினால் முன்பக்கத்து உணர்கருவிகள் நடுவிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி திரிக்கு மின்சாரம் விடும். பை விரிந்து நிற்க ஏறக்குறைய ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம்தான். கண் இமைக்கும் நேரம் இதைவிட அதிகம். அதே நொடியில் சீட் பெல்ட்டையும் இழுத்து இறுக்க இன்னொரு வெடிமருந்துக் குழாய் பெல்ட்டில் இருக்கிறது.

ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு கணம் வேலை செய்ய வேண்டிய சாமான் இது. அன்றைக்கு வேலை செய்யுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெடித்துப் பார்க்க முடியாது. ஆகவே, அந்தப் பெட்டி ஒவ்வொரு திரிக்கும் மிகமிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, ஒயர் தொடர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். திரியின் மின்தடை சுமார் இரண்டு ஓம் அளவுதான். கப்ளரில் கொஞ்சம் பாசி பிடித்தாலும், ஒயர் அறுந்தாலும், பாடியில் உரசினாலும் அந்த அளவு மாறிவிடும். உடனே பெட்டி ஒரு கோடு எண்ணைத் தன் நினைவில் குறித்துக்கொண்டு விளக்கை ஏற்றிவிடும்.

விளக்கு எரிகிற வரை மோதல் வந்தால் பை விரியாமல் போகலாம். ஒரு பை மட்டும் வேலை செய்யாமல் போகுமா, எல்லாமுமா என்பது வண்டிக்கு வண்டி மாறும். வண்டி ஓடுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அதனால்தான் ஜனங்கள் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள்.

சரியான வண்டியில், சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்து, ஏறக்குறைய ஆறு விநாடி நின்று, தானே அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. ஓடும்போது திடீரென்று வந்தாலும் கோளாறு. சாவி போட்டதும் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான். இந்த மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ஐநூறு ரூபாய் வைத்தியத்தின் விளைவு அதுதான்.

எதனால் வருகிறது?

பயிர் மஞ்சளானதும் யூரியா மூட்டையைத் தூக்கக் கூடாது என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். தழைச்சத்துக் குறைவாலும் மஞ்சளாகும், துத்தநாகக் குறைவாலும் ஆகும், தண்ணீர் தேங்கினாலும் ஆகும். இங்கேயும் அதே கதைதான். விளக்கு ஒன்று, காரணம் பல.

அதிகம் காண்பது சீட்டுக்கு அடியிலுள்ள கப்ளர். சீட்டை முன்னும் பின்னும் தள்ளித் தள்ளி ஒயர் இழுபடுகிறது. சீட் கவர் போடுகிறவர்கள் சீட்டைக் கழற்றும்போது பிடுங்கிவிட்டுச் சரியாக மாட்டுவதில்லை. வாட்டர் சர்வீஸில் உள்ளே தண்ணீர் பீய்ச்சினாலும் அங்கேதான் போய்த் தேங்கும். இரண்டாவது, ஸ்டியரிங்குக்கு உள்ளே சுருள் நாடா மாதிரி ஒரு ஒயர் இருக்கிறது. கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். ஸ்டியரிங்கோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி ஒரு நாள் முறியும். விளக்கும் எரிந்து, ஹாரனும் அடிக்காமல், ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தான்களும் வேலை செய்யாமல் போனால் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். மூன்றாவது, பேட்டரி பலம் குறைவது. பல நாள் நின்ற வண்டியை வேறு வண்டியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினாலும் சில சமயம் இந்தக் கோடு விழுந்துவிடும்.

நாலாவது எலி. இதை ஷோரூம்காரர்களைவிட நாம் நன்றாக அறிவோம். எலிக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும். எதையாவது கொறித்தால்தான் அதற்கு நிம்மதி. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, டிக்கியில் விதைநெல் மூட்டையையும் வைத்துவிட்டு, எலி வராது என்று இருந்தால் எப்படி?

நாமே என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது?

முதலில் தொடக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங் நடுமூடியைக் கழற்றக் கூடாது. மல்டிமீட்டரின் முள்ளை ஏர்பேக் ஒயரில் வைக்கக் கூடாது. மீட்டர் அனுப்பும் மின்சாரமே திரியைப் பற்றவைக்கக்கூடும். டெஸ்ட் லாம்பு வைப்பது அதைவிட மோசம். ஏர்பேக் ஒயர்களும் கப்ளர்களும் பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள் என்பதற்காகத்தான் அந்த நிறம்.

சீட்டுக்கு அடியில் கப்ளர் கழன்று தொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது என்றால் மாட்டலாம். ஆனால் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றிவிட்டு, உடனே கையை வைக்கக் கூடாது. பேட்டரி அறுந்தாலும் பையை விரிக்க வேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் கொஞ்சம் மின்சாரம் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அது வடிய ஒரு கம்பெனி ஒன்றரை நிமிடம் என்கிறது, இன்னொன்று மூன்று நிமிடம் என்கிறது. நான் பத்து நிமிடம் காத்திருப்பேன். ஒரு டீ குடிக்கிற நேரம்தானே. பிறகு கப்ளரைச் சொடுக்குச் சத்தம் வரும் வரை அழுத்தி, அதன் பூட்டையும் போட வேண்டும். மறுபடி பேட்டரியை மாட்டிச் சாவி போடும்போது காருக்குள் யாரும் முன்னால் சாய்ந்து உட்காரக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் விளக்கு எரிந்தபடியே இருக்கலாம். பயப்பட வேண்டாம். கோளாறு போனாலும் பழைய கோடு நினைவிலேயே நிற்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அழியும் என்பார்கள். என்ஜின் விளக்குக்குச் சில சமயம் அது சரி. ஏர்பேக் கோடு மின்சாரம் இல்லாமலும் நிற்கிற நினைவில் எழுதப்படுவதால் பெரும்பாலும் அழிவதில்லை. அதை ஸ்கேனர் கருவி வைத்துத்தான் அழிக்க வேண்டும். அதற்குத்தான் ரீசெட் என்று பெயர்.

ரீசெட் என்றாலே திருட்டு வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கோளாறு உண்மையில் சரியாகியிருந்தால் ரீசெட் நிற்கும். சரியாகவில்லை என்றால், அழித்த சில விநாடிகளிலோ சில நாட்களிலோ பெட்டி மறுபடி கண்டுபிடித்து விளக்கை ஏற்றிவிடும். பெட்டியை ரீசெட் ஏமாற்றுவதில்லை. ஏமாற்றுவது வேறு வேலை. பல்பைப் பிடுங்குவது, விளக்குமேல் கறுப்பு டேப் ஒட்டுவது, அதன் ஒயரை ஆயில் விளக்கோடு சேர்த்துவிடுவது, பைக்குப் பதிலாக இரண்டு ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகி, "பை இருக்கிறது" என்று பெட்டியை நம்ப வைப்பது. பட்டறைக்காரர் ஐநூறு ரூபாய்க்குச் சொன்னது முதல் வகை. காய்ச்சலுக்கு வைத்தியம் பார்க்காமல் தெர்மாமீட்டரை உடைக்கிற கதை.

ஸ்கேனரிலும் ஒரு விஷயம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும் சின்னக் கருவி பெரும்பாலும் என்ஜின் கோடை மட்டும்தான் படிக்கும். அதில் 'கோளாறு இல்லை' என்று வந்தால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஏர்பேக் பகுதியையும் படிக்கக்கூடிய கருவி சில ஆயிரம் ஆகும். டவுனில் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன்களிடம் இருக்கிறது. பி என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் கோடு எண் காட்டுகிறதா என்று பாருங்கள்.

என் வண்டிக்கே இது நேர்ந்தது. சீட் கவர் மாற்றிய மறுநாள் விளக்கு வந்தது. நண்பரிடம் ஸ்கேனர் வாங்கி, கப்ளரை அழுத்தி மாட்டி, நானே அழித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தது. மறுபடி அழித்தேன். மூன்றாம் தடவை கோடு எண்ணை நிதானமாகப் படித்தபோது அது சீட்டே இல்லை, ஸ்டியரிங் பக்கம். கிளாக் ஸ்பிரிங். வாயை மூடிக்கொண்டு கம்பெனி சர்வீஸுக்குப் போய்ப் பணம் கட்டினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. முதல் தடவையே எண்ணைப் படிக்காமல் அழித்தேனே, அதில்தான் வருத்தம்.

கம்பெனி சர்வீஸில் எப்படிக் கேட்பது?

மண் பரிசோதனைக்கு ஒரு கட்டணம், உரத்துக்கு வேறு செலவு. அதுபோல், கோளாறு கண்டுபிடிக்கும் கூலியையும் பழுது பார்க்கும் கூலியையும் தனித்தனியே கேளுங்கள். கோடு எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். அது இப்போது இருக்கிற கோளாறா, முன்பு வந்துபோனதா என்று கருவியில் தெரியும், அதையும் கேளுங்கள். எந்தச் சாமானை எந்தக் கோடுக்காக மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ஆனால் பழைய ஏர்பேக்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அது வெடிபொருள். குப்பையோடு போட்டு யாராவது கொளுத்தினால் விபரீதம். வாரண்டி இருக்கிற வண்டியில் நாம் எதையுமே தொடாமல் இருப்பது உத்தமம்.

நானும் அந்த விவசாயியும் போய் இப்படித்தான் கேட்டோம். எஸ்டிமேட்டில் இரண்டு சாமான் இருந்தது. ஒன்று கம்ப்யூட்டர் பெட்டி, இன்னொன்று தரையில் ஓடும் ஒயர்க் கட்டு. கோடு எண் ஒன்றே ஒன்றுதான். இடதுபக்க முன் சீட் பெல்ட்டின் ஒயர் அறுந்திருக்கிறது என்று. "அப்படியானால் பெட்டி எதற்கு?" என்று கேட்டேன். "சேஃப்டிக்கு சார்" என்றார் கவுண்டரில் இருந்த தம்பி. வயசான டெக்னீஷியன் ஒருவர் வந்து, கதவோரத் தகட்டைத் தூக்கி, கார்ப்பெட்டை விலக்கினார். அடியில் ஒரு பிடி நெல் உமி. பக்கத்தில் மஞ்சள் குழாய் கொறிபட்டு, உள்ளே ஒயர் அறுந்து கிடந்தது.

"இதை முறுக்கி டேப் சுத்திட்டா ஆச்சே" என்றார் நம்மவர். எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது. டெக்னீஷியன்தான் விளக்கினார். ஹெட்லைட் ஒயரில் முறுக்கிச் சுற்றலாம், கொஞ்சம் மங்கலாக எரியும், அவ்வளவுதான். இங்கே மொத்தமே இரண்டு ஓம். முறுக்கிய இடத்தில் ஈரம் பட்டுப் பச்சை பூத்தால் விளக்கு மறுபடி வரும். அதைவிட, வேண்டிய நொடியில் வேண்டிய மின்சாரம் போகாது. இந்த வண்டியைச் செய்த கம்பெனி இந்த ஒயரில் ஒட்டு வேலை கூடாது என்றே எழுதியிருக்கிறது. ஆகவே ஒயர்க் கட்டு மட்டும் மாற்றினோம். பெட்டி வேண்டாம் என்றோம். பில் பதினாலாயிரம் சொச்சம்.

விளக்கு எரியாமலும் ஆபத்து உண்டு

இதைச் சொல்லாமல் விட்டால் பேச்சு முழுமையாகாது. ஜப்பானில் தகாட்டா என்று ஒரு கம்பெனி. உலகம் முழுவதும் பல கார்க் கம்பெனிகளுக்கு ஏர்பேக் செய்து கொடுத்தது. அதன் குப்பிகளில் போட்ட ரசாயனம் எது தெரியுமா? அமோனியம் நைட்ரேட். உர உலகத்தில் நமக்கு அந்நியமான பெயர் அல்ல. அது ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. மழைக்காலத்தில் வாய் திறந்து வைத்த உர மூட்டை என்ன ஆகிறது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். வெயிலும் ஈரமும் மாறி மாறித் தாக்க, ஆண்டுகள் போகப் போக அந்த மருந்து வில்லைகள் பொடியத் தொடங்கின. பொடிந்த மருந்து ஒரே மூச்சில் எரியும். மோதலின்போது பை விரிவதோடு நிற்காமல் குப்பியே வெடித்து, இரும்புச் சில்லுகள் ஆளின்மேல் பாய்ந்தன. அமெரிக்காவில் மட்டும் 25-க்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அங்கே மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் ஏர்பேக்குகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017 ஜூனில் அந்தக் கம்பெனி திவால் ஆயிற்று. சூடும் ஈரமும் சேர்ந்த ஊர்களில்தான் இந்தக் கேடு முந்தி வந்தது. நம் டெல்டா எப்படிப்பட்ட ஊர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கோளாறில் எச்சரிக்கை விளக்கு எரியாது. பெட்டி பார்ப்பது ஒயரையும் திரியையும்தான், மருந்தை அல்ல. ஆகவே பழைய கார் வாங்குகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணை எடுத்துக்கொண்டு, அந்தக் கார்க் கம்பெனியிடம் திரும்ப அழைப்பு ஏதாவது நிலுவையில் உள்ளதா என்று கேட்க வேண்டும். இந்தியாவிலும் ஹோண்டா 2018 ஜனவரியில் 2013-ம் ஆண்டு தயாரித்த 22,834 கார்களை இதற்காக அழைத்தது. தகாட்டா சம்பந்தமில்லாத கோளாறுகளுக்கும் அழைப்பு வருவதுண்டு. மாருதி 2023 ஜனவரியில் 17,362 கார்களை ஏர்பேக் கம்ப்யூட்டர் பெட்டிக்காகவே அழைத்தது. இப்படி அழைத்தால் சாமானும் கூலியும் இலவசம். முப்பதாயிரம் கொடுத்து மாற்றிய பிறகு, அது இலவசம் என்று தெரிந்தால் வயிறு எரியும். ஆகவே முதல் வேலையாக இதைக் கேட்டுவிடுங்கள். கார் எத்தனை கை மாறியிருந்தாலும் சேஸ் எண்தான் கணக்கு.

வாங்கும்போதே சாவியைப் போட்டு, விளக்கு வந்து, தானே தனியாக அணைகிறதா என்று பாருங்கள். ஆயில் விளக்கோடு சேர்ந்து ஒரே நேரத்தில் அணைந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங் மூடியும் டேஷ்போர்டும் வேறு வேறு நிறத்தில் இருந்தால், பெல்ட் இழுத்தால் வராமல் பூட்டிக்கொண்டால், ஒரு முறை வெடித்த வண்டியோ என்று விசாரியுங்கள். வெடித்த வண்டியில் பை மட்டுமல்ல, பெல்ட்டும் பெட்டியும்கூடப் பார்க்க வேண்டியிருக்கும். பழைய இரும்புக் கடையில் ஏர்பேக் வாங்கி மாட்டாதீர்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் உள்ள வண்டிக்குச் சாதாரண சீட் கவரும் ஆகாது, பை கிழித்துக்கொண்டு வர வழி வேண்டும்.

பெல்ட் போடாதவருக்கு ஏர்பேக் உதவி அல்ல, அடி. பின்பக்கம் பார்த்து உட்காரும் கைக்குழந்தை இருக்கையை ஏர்பேக்குக்கு எதிரே வைக்கவே கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகள் பின் சீட்டில், பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு மேல் அல்லாமல், வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியும்படி போட்டுக்கொண்டு வர வேண்டும். இதை அந்த வீட்டம்மாவிடம் தனியாகச் சொன்னேன்.

ஒயர்க் கட்டு வர ஒன்பது நாள் ஆனது. அதற்குள் வளைகாப்பு வந்துவிட்டது. தங்கை மகன் வண்டியை வாங்கிப் போய்த்தான் பெண்ணை அழைத்து வந்தார்கள். இப்போது அவர் காரை வைக்கோல் போரிலிருந்து தள்ளி, களத்தின் மறுகோடியில் நிறுத்துகிறார். டிக்கியில் நெல் வைப்பதில்லை. காருக்குள் எலி விஷம் வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், தின்றுவிட்டு டேஷ்போர்டுக்குள் போய்ச் செத்தால் நாற்றம் தாங்காது, வெளியே சக்கரத்துக்குப் பக்கத்தில் இடுக்கிப் பொறி வையுங்கள், கருவாட்டுத் துண்டு போதும் என்றேன். முதல் வாரத்திலேயே மூன்று விழுந்ததாகச் சொன்னார்.